முப்பது பாகைப் பரம்பரை

மனித குலத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு வம்சமே ஆகும். நெருப்பும் வண்டிச் சில்லும் அதற்குப் பிறகு, ஓய்வு நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டவை.

இந்த உண்மையை உலகுக்கு அறிவித்த பெருமை அளவெட்டி முயல் அபிவிருத்திச் சங்கத்தையே சேரும். 1991ஆம் ஆண்டு ஆவணி மாதப் பொதுக்கூட்டத்தில் தலைவர் தியாகராசா எழுந்து, சால்வையை ஒருதரம் உதறிப் போட்டுக்கொண்டு, இதனை அறிவித்தார். வந்திருந்த பதினேழு அங்கத்தவர்களும் கைதட்டினார்கள். மேசைமேல் கூட்டுக்குள் இருந்த பதினெட்டாவது சீவன் மட்டும் கைதட்டவில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்தது, சாய்த்தபடியே இருந்தது.

"பாருங்கோ," என்றார் தியாகராசா, குரல் தழுதழுக்க. "விளங்கிக்கொண்டு கேக்குது."

அதுதான் மகாராணி. வெள்ளை உடம்பு, சிவப்புக் கண். போரில் பாதை பூட்டுவதற்கு முன்னர், மலைநாட்டிலிருந்து கடைசி மரக்கறி லொறியில் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் நடுவில் வந்திறங்கிய பெட்டை முயல். வந்து மூன்றாம் மாதம் அதன் தலை சாயத் தொடங்கியது. வேறு ஊரென்றால் யாராவது எண்ணெய் தடவியிருப்பார்கள். அளவெட்டியில் அப்படி நடக்க முடியாது. கோயிலில் நாதஸ்வரக்காரர் தோடியை இழுக்கும்போது ஊரே தலையைச் சாய்க்கிற இடம் அது. முயல் சாய்த்தால் அது நோயா, ஞானமா? ஞானமே என்று தலைவர் தீர்மானித்தார். செயலாளர் இராசநாயகம் கூட்ட அறிக்கையில் பதிந்தார்.

பிறகு மகாராணி குட்டி போட்டது. குட்டிகளும் சாய்ந்தன. எந்தப் பிள்ளையும் ஒரு கீர்த்தனைகூடக் கேட்காமல், கண் திறந்த சில கிழமையில், தாயைப்போலவே இடப்பக்கம்! தியாகராசா பள்ளிக்கூடப் பாகைமானி ஒன்றை வாங்கி அளந்தார். முப்பது பாகை. வம்ச ஏட்டில் அதற்கென்று ஒரு நிரலே கீறினார்.

வம்ச ஏடு சாதாரணமானதல்ல. தியாகராசா காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் இருந்து இளைப்பாறியவர். காணி உறுதி எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்தில், முயலின் பெயர், தாய், தாயின் தாய், ஊர், சாய்வு என்று ஒவ்வொன்றாகப் பதிந்துவந்தார். சில குட்டிகள் தலை சாய்ந்ததோடு நில்லாமல், நின்ற இடத்திலேயே உருளவும் உருண்டன. அவற்றுக்கு எதிரே "அங்கப்பிரதட்டை. பக்தி: பிறவி" என்று எழுதினார்.

தலைவர் முயல் தின்பவரல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சுத்த சைவம். முட்டை அவித்த பாத்திரத்தில் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். முயல் அவருக்கு உணவல்ல, பரம்பரை.

ஆனால் ஊருக்கு அது உணவு. கடலுக்குப் போகத் தடை, மீன் இல்லை. பால்மா வந்தால் உண்டு. பிள்ளைகளின் கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. ஆகவே தை மாதப் பொருட்காட்சியில் ஓர் இனத்தைத் தெரிவுசெய்து, கைக்குழந்தை உள்ள நாற்பது வீடுகளுக்கு ஆளுக்கொரு பெட்டை முயல் கொடுப்பதென்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. தெரிவாகும் இனத்துக்கு "தாய் இனம்" என்று பட்டம். வளர்த்தவரின் பெயர் பலகையில் எழுதப்படும். தியாகராசா அந்தப் பலகையின் நீள அகலத்தை ஏற்கனவே தச்சனிடம் கேட்டு வைத்திருந்தார்.

இந்த வரலாற்றுக் கட்டத்தில்தான் கதிரவேலு என்றொரு வெங்காயத் தோட்டக்காரன், சங்கத்தின் மானத்துக்கு உலை வைத்தான். மண்ணிறப் புள்ளி போட்ட பெட்டை முயல் ஒன்றைக் கொண்டுவந்து, அதையும் ஏட்டில் பதியும்படி படிவம் நீட்டினான்.

"உந்த முயல் எந்த ஊர், கதிரவேலு?"

"சுன்னாகம் ஐயா. எங்கடை மாமி வீடு."

தியாகராசா படிவத்தை வாங்கினார். வாசிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், அதைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சபை மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கடதாசி உதிலை மெலிஞ்சுபோய் வெளிச்சம் தெரியுது. சவரப் பிளேட்டாலை சுரண்டியிருக்கிறாய். சுன்னாகத்துக்குக் கீழை என்ன கிடக்கு எண்டு நான் வாசிக்கட்டோ? கொ... ழு... ம்பு... த்துறை!"

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கொழும்புத்துறை! கடற்கரை! மீன்பிடிக்கிற ஆக்கள்!

"ஓம் ஐயா, கொழும்புத்துறைதான்," என்றான் கதிரவேலு. "லூர்த்தம்மா எண்டு ஒரு அம்மா வளக்கிறா. உண்மையைச் சொன்னால் பதியமாட்டியள் எண்டுதான் சுரண்டினனான். ஆனால் இதின்ரை தலை நேராத்தானே நிக்குது? போட்ட ஏழு குட்டியும் உயிரோடை நிக்குது."

"தலை நேரா நிக்கிறதுதான் எனக்குச் சந்தேகம். நல்ல குடும்பத்து முயல் ஒரு சங்கீதத்துக்குத் தலை சாய்க்காதோ? உது ஆர் ஆக்களின்ரை முயல்?"

"முயலின்ரை ஆக்கள்தான் ஐயா."

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். தியாகராசா நிமிர்ந்தார். சாதி என்ற சொல்லை அவர் வாயால் சொல்வதில்லை, 'பகுதி' என்பார். அன்று அவர் வாயிலிருந்து வந்த வாக்கியம் இன்றைக்கும் சங்கத்தின் சுவரில் இருக்கிறது.

"கடதாசியைச் சுரண்டலாம், கதிரவேலு. பகுதியைச் சுரண்டேலாது!"

"ஐயா," என்றார் இராசநாயகம், பேனையை ஓங்கியபடி. "இதைப் பொன்மொழியாப் பதியட்டோ, தீர்மானமாப் பதியட்டோ?"

"ரெண்டாவும் பதியும்."

கதிரவேலு சங்கத்திலிருந்து நீக்கப்பட்டான். புள்ளி முயலை ஓலைக் கடகத்துக்குள் வைத்துக்கொண்டு, "வாறன் ஐயா" என்று சொல்லிப் போனான். அது நேரே பார்த்துக்கொண்டு போயிற்று.

வீட்டுக்கு வந்த தியாகராசா, கூடத்தில் தம்முடைய சொந்த வம்சப் படத்தின் முன் சிறிது நேரம் நின்றார். பாட்டனைப் பெற்ற பூட்டன் பூட்டி காலத்திலிருந்து கிளை கிளையாக எழுதிய பெரிய கடதாசி அது. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஊர். எல்லாம் அளவெட்டி. பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து வந்த ஷெல் அதிர்வில் யன்னற் கண்ணாடி கொட்டுண்ட பிறகு, அந்தப் படந்தான் யன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. காற்றும் மழையும் வராமல் காப்பதும் வம்சத்தின் கடமைகளில் ஒன்று.

கார்த்திகையில் மகாராணி ஆறு போட்டது. அவற்றில் நான்கு காலமாகின. மகாராணியின் மகள்களைக் கொண்டுபோன பதினொரு வீடுகளிலும் இதே செய்தி. தியாகராசாவின் மனைவி பராசக்திதான் செத்த குட்டிகளை ஒவ்வொன்றாக வாழைப் பாத்தியில் புதைத்தவள்.

"மெய்யே, உதுகள் பால் குடிக்க முலையைத் தேடுறதுக்குள்ளை உருண்டு அங்காலை போயிடுதுகள். ஞானமும் வேண்டாம், கத்தரிக்காயும் வேண்டாம். மிருக டொக்டரைக் கூப்பிடுங்கோ."

"பரம்பரைக்கு டொக்டர் என்ன செய்யிறது?"

"அப்ப நான் கூப்பிட்டிட்டன். படலையடியிலை நிக்கிறா."

டொக்டர் பத்மாசினிக்கு முப்பது வயதுகூட இராது. சைக்கிள் கரியரில் நுணுக்குக்காட்டிப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலைவருக்கு முதல் பார்வையிலேயே மதிப்பு வரவில்லை. அவள் மகாராணியை வணங்கவுமில்லை, பாகைமானியைக் கேட்கவுமில்லை. அதன் மூத்திரத்தைக் கேட்டாள்.

"மூத்திரமோ?"

"ஓம் ஐயா. ஒரு சொட்டுக் காணும்."

மகாராணியும் பெருந்தன்மையோடு தந்தது. அவள் அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு சாயத்தை விட்டுக் கழுவி, நுணுக்குக்காட்டியை முற்றத்தில் வைத்து, அடிக் கண்ணாடியைச் சூரியனுக்குத் திருப்பினாள். ஊரில் மின்சாரம் நின்று ஒன்றரை வருடம். விஞ்ஞானமும் வெங்காயமும் வெயிலில்தான் காய்ந்தன.

"வந்து பாருங்கோ."

தியாகராசா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். நெல்மணிபோல் நீண்டுருண்ட ஏதோ கூட்டங்கூட்டமாகக் கிடந்தன.

"ஆர் இவை?"

"ஒட்டுண்ணி ஐயா. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மூளைக்குள்ளையும் சிறுநீரகத்துக்குள்ளையும் போய்க் குடியிருக்கும். அதாலைதான் தலை சாயுது. சங்கீதத்தாலை இல்லை."

"எந்தப் பகுதி?"

"எந்தப் பகுதி எண்டு பாத்துப் போறேல்லை. எல்லா வீட்டுக்கும் போகும்."

தலைவர் இதை ரசிக்கவில்லை. "அப்ப குட்டியளுக்கு எப்பிடி? அதுகள் பிறந்த உடனை நான்தானே கூடு மாத்தினனான்."

"வயித்துக்குள்ளை இருக்கேக்கையே தாயிட்டையிருந்து குட்டிக்குப் போயிடும். பிறகு மூத்திரம் பட்ட குழையைத் தின்னிற மற்றதுகளுக்கும் போகும். உங்கடை மகாராணி மகளுக்குக் குடுத்து, மகள் பேத்திக்குக் குடுத்து..."

"சீதனம் மாதிரி?"

"சீதனம் மாதிரியேதான். ஆனால் ஆம்பிளைப் பிள்ளையளுக்கும் சமபங்கு குடுக்குது."

"அது தேசவழமைச் சட்டத்துக்கு விரோதம்!" என்றார் இராசநாயகம். டொக்டர் வந்த செய்தி கேட்டு அறிக்கைக் கொப்பியோடு ஓடி வந்தவர், படலைக்குள் நுழையும்போதே ஆட்சேபணையைப் பதிந்துகொண்டார்.

பராசக்தி மட்டும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "பிள்ளை, மருந்து?"

"இல்லை அம்மா. இருந்தாலும் அது பூட்டின பாதையைத் தாண்டி வவுனியாவுக்கு அங்காலைதான் இருக்கும். சாய்ஞ்சதுகளைத் தனிய வைச்சுப் பாருங்கோ, குட்டி போட விடாதேங்கோ. கூடுகளுக்குக் கொதிதண்ணி ஊத்துங்கோ. இந்தப் பரம்பரையோடை சேராத முயல் ஒண்டு கொண்டுவந்து, புதுசாத் தொடங்குங்கோ." பிறகு தியாகராசாவின் பக்கம் திரும்பினாள். "ஐயா, பொருட்காட்சிக்குச் சான்றிதழ் எழுதப்போறது நான்தான். நாப்பது வீட்டுப் பிள்ளையளுக்கு இந்த நோய் வருத்தத்தைப் பங்கு போட்டுக் குடுக்க நான் கையெழுத்து வையேன். தைக்கு முதல் உங்கடை கூட்டிலை சுத்தமான முயல் நிண்டால் சரி. நிக்காட்டில், சங்கத்தின்ரை பேரை வெட்டிவிடுவன்."

"சுத்தமான முயல் எங்கை இருக்கு?"

"உங்கடை ஒழுங்கையிலை கதிரவேலு அண்ணையிட்டை இருக்கு. பாத்தனான், நல்ல சுத்தம்."

தியாகராசா வானத்தைப் பார்த்தார்.

"அதை விட்டால் கொழும்புத்துறையிலை லூர்த்தம்மாவிட்டை. அதுகளையும் நான் சோதிச்சுப் பாத்தனான்."

"எங்கடை சங்கம் அந்தளவுக்கு இறங்காது, டொக்டர் பிள்ளை," என்றார் தியாகராசா. இராசநாயகமும், "இறங்காது," என்று சொல்லி, இறங்காது என்று பதிந்தார்.

சங்கம் இறங்கவில்லை. தலைவர் மட்டும் மறுகிழமை சைக்கிளில் ஏறினார். முயலுக்கு விலையாகக் கையில் ஒரு பை வெங்காயம், பொக்கற்றில் ஒரு கட்டிச் சவர்க்காரம். மனைவிக்குச் சொன்னது: பென்சன் விசயமாக அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு. கதிரவேலுவின் வளவு கூப்பிடு தூரம். கொழும்புத்துறை பத்து மைலுக்கும் மேல். மானத்தைக் காப்பதற்கு மிதிக்க வேண்டிய தூரம் அவ்வளவு.

லூர்த்தம்மாவின் வீட்டுக்காரர் கடற்றொழில். தொழில் இல்லாததால் வலைகள் கூரை வளைமேல் தொங்கின. மீன்கூடைகளுக்குள் முயல்கள் இருந்தன. எல்லாம் கலர்கலராக, சாதகம் எதுவுமின்றி, தலையை நேராக வைத்துக்கொண்டு குழை தின்றன. தியாகராசாவுக்கு அந்தக் காட்சி கண்ணைக் குத்தியது.

"அளவெட்டியோ?" என்றாள் லூர்த்தம்மா, அவர் வாய் திறக்கும் முன்னமே.

"எப்பிடித் தெரியும்?"

"நெத்தியிலை திருநீறு, கையிலை வெங்காயம், வந்ததிலையிருந்து படலையைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறியள். போன கிழமை வந்த ஐயாவும் உப்பிடித்தான். கண்ணாடி போட்டவர். கையிலை ஒரு கொப்பி. நான் தும்மினாலும் எழுதினவர்."

"அவர்... என்ன சொன்னவர்?"

"ஆரும் கேட்டால் சுன்னாகத்திலை வாங்கினதெண்டு சொல்லச் சொன்னவர். நான் ஏன் தம்பி பொய் சொல்லுறன்? என்னை ஒருத்தரும் கேக்கினமில்லை. உங்கடை ஊரிலையிருந்து வாற ஒன்பதாவது ஆள் நீங்கள்."

தியாகராசா உட்கார இடம் தேடியபோது பொம்பர் விமானம் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கூடையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். மேலே அது சுற்றியது. லூர்த்தம்மா செபமாலையை உருட்டினாள். தியாகராசா சந்நிதி முருகனைக் கூப்பிட்டார். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. மண் உதிர்ந்து இருவர் தலையிலும், கூடையை விட்டுத் தியாகராசாவின் மடியில் பாய்ந்த முயலின் தலையிலும் ஒரே அளவாகக் கொட்டியது.

"பயப்பிடாதையடி மரியநாயகி," என்றாள் லூர்த்தம்மா.

"ஆர் மரியநாயகி?"

"உங்கடை மடியிலை இருக்கிறவதான். என்ரை அம்மாவின்ரை பேர். குட்டித்தாச்சி. தைக்கு முதல் போட்டிடும். கொண்டு போங்கோ."

மரியநாயகி தியாகராசாவின் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்து நடுங்கியது. அவரும் நடுங்கினார். யாருடைய நடுக்கம் யாருக்குப் போனது என்று அந்த இருட்டில் பதிந்துவைக்க இராசநாயகம் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது, மூடிக் கட்டிய மீன்கூடை சைக்கிள் கரியரில் இருந்தது. அளவெட்டிச் சந்தியில் வெங்காய மூட்டையோடு எதிரே வந்தான் கதிரவேலு.

"ஐயா, எங்காலை?"

"சும்மா ஒருக்கா டவுனுக்கு."

கதிரவேலு கூடையைப் பார்த்தான். மூக்கைச் சுளித்தான். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டான்: "மீனோ ஐயா?"

முட்டை அவித்த பாத்திரத்தில் தேத்தண்ணி குடியாத தியாகராசா, முருகன் கோயில் திருப்பணிச் சபைத் தலைவர் தியாகராசா, நடுச் சந்தியில் காலூன்றி நின்றார். ஒரு பக்கம் மீன். மறு பக்கம் கொழும்புத்துறை முயல்.

"ஓம், மீன்தான்," என்றார்.

கூடைக்குள் மீன் ஒருதரம் துள்ளியது.

"நல்ல உயிர் மீன் ஐயா," என்று வாழ்த்திவிட்டுப் போனான் கதிரவேலு.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கையில் மரியநாயகி எட்டுப் போட்டது. எட்டும் நேராக நிமிர்ந்து, எட்டும் முலையைக் கண்டுபிடித்துக் குடித்தன. பராசக்தி அன்றைக்கு வாழைப் பாத்திப் பக்கம் போக வேண்டியிருக்கவில்லை. அவள் கொதிதண்ணி ஊற்றிக் கழுவிய கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்மாசினி வந்து, தாயினுடைய ஒரு சொட்டை வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப நான் கையெழுத்து வைப்பன் ஐயா," என்றாள். மகாராணி தனிக் கூட்டில், தலையைச் சாய்த்தபடி, கரட் இலை தின்றுகொண்டிருந்தது. அதற்கு ஓய்வூதியம்.

டொக்டர் போன பிறகு தியாகராசா வம்ச ஏட்டை எடுத்து, யன்னலடி மேசையில் விரித்தார். பேனையை எடுத்தார். முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் கண்டதைக் கண்டபடி எழுதிய கை. பழக்கதோசத்தில் உண்மையை எழுதிவிட்டது. பெயர்: மரியநாயகி. ஊர்: கொழும்புத்துறை.

எழுதியதைப் பார்த்தார். படலையைப் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து, சவரம் செய்கிற பிளேட்டை எடுத்தார்.

மிக நன்றாகச் சுரண்டினார். கதிரவேலுவைப்போல் அவசரப்பட்டு நார் கிளப்பவில்லை. பிளேட்டைச் சரித்துப் பிடித்து, துகளை ஊதி, பெருவிரல் நகத்தால் அழுத்தி மினுக்கி, அதன்மேல் எழுதினார். பெயர்: சிவநாயகி. தாய்: மகாராணியின் ஒன்றுவிட்ட தங்கை. ஊர்: அளவெட்டி. பிறகு ஏட்டைத் தூக்கி, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

இரண்டு இடத்தில் மெல்லிய வெளிச்சம்.

"தெரியுதோ?" என்று கேட்டார், பின்னால் வந்து நின்ற பராசக்தியிடம்.

"கொஞ்சம் தெரியுதுதான்." அவள் ஏட்டைப் பார்க்கவில்லை. ஏட்டுக்கு மேலே, யன்னலை அடைத்துக்கொண்டு நின்ற வம்சப் படத்தைப் பார்த்தாள். மாலை வெயில் அதன் பின்னால் நின்றது. "ஆனால் உங்கடை பூட்டியின்ரை பேரிலையும் ஊரிலையும் தெரியிற அளவுக்கு இல்லை. யன்னல் உடைஞ்ச நாள் தொடக்கம் நான் பாத்துக்கொண்டுதான் வாறன்."

தியாகராசா ஏட்டைக் கீழே வைத்து, சுரண்டிய இடத்தைத் திரும்பவும் நகத்தால் மினுக்கத் தொடங்கினார். கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. ஆகவே அவருடைய தலை இடப்பக்கம் சாய்ந்தது. பாகைமானி கைக்கெட்டிய தூரத்தில்தான் கிடந்தது. அளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, முப்பது பாகைதான்.